உப்புத் தண்ணீர்க் குளமா, குளோரின் குளமா?
வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, வணக்கம். திருவொற்றியூரில், கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் எங்கள் வீடு இருக்கிறது. பின்புறத்தில் 20 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட சிறிய நீச்சல் குளம் ஒன்றைக் கட்டத் தொடங்கியிருக்கிறோம். ஆழம் ஒரு முனையில் மூன்றரை அடி, மறுமுனையில் ஐந்தரை அடி. சிங்கப்பூரில் இருக்கும் மகன், தங்கள் குடியிருப்பில் உப்புத் தண்ணீர்க் குளம்தான் இருக்கிறது, பேத்திகளுக்குக் கண் எரிவதே இல்லை, அதையே இங்கும் போடுங்கள் என்கிறான். குளம் கட்டித் தரும் ஒப்பந்தக்காரரும் ‘குளோரினே இல்லாத குளம்’ என்று அதைத்தான் பரிந்துரைக்கிறார். என் கணவரோ, கடல் காற்றிலேயே ஜன்னல் கம்பிகள் துருப்பிடித்து உதிரும் ஊரில் மூட்டை மூட்டையாக உப்பை வாங்கி வீட்டுக்குள் கொட்டுவதா என்று கேட்கிறார். எங்கள் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்ததில் டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புச் சத்து) லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் என்றும் கடினத்தன்மை 620 என்றும் வந்திருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், திருவொற்றியூர்

பதில்: அம்மா, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் 620 என்ற எண்தான் உங்கள் கேள்விக்கு விடை சொல்லப் போகிறது. அதற்கு முன்பு ‘குளோரினே இல்லாத குளம்’ என்ற பேச்சைச் சற்று நேராக்கிக்கொள்வோம். அப்படி ஒரு குளத்தை உங்கள் ஒப்பந்தக்காரர் விற்கவில்லை. உப்புத் தண்ணீர்க் குளம் என்பதும் குளோரின் குளமே. மற்றவர்கள் குளோரினைக் கேனிலும் டப்பாவிலும் வாங்கி ஊற்றுகிறார்கள். உப்புக் குளத்தில் அது அங்கேயே தயாராகிறது. ஒரு லிட்டருக்கு மூன்று கிராமுக்குச் சற்று அதிகமாகச் சமையலுப்பின் சரக்கான சோடியம் குளோரைடைக் கரைத்துவிட்டு, அந்த நீரை மோட்டார் வழியாக ‘செல்’ என்னும் குழாய்க்குள் அனுப்புகிறார்கள். ருத்தேனியம் போன்ற உலோகத்தின் ஆக்சைடு பூசிய டைட்டானியத் தகடுகள் அதற்குள் அடுக்கப்பட்டிருக்கும். தகடுகளில் மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளோரின் உண்டாகி நீரில் கரைகிறது. மறுபக்கம் ஹைட்ரஜனும் காரமும் உண்டாகின்றன. கிருமிகளைக் கொன்ற பிறகு குளோரின் மீண்டும் குளோரைடாகி உப்போடு சேர்ந்துவிடுவதால், உப்பு செலவாவதே இல்லை. குளத்திலிருந்து வெளியே சிந்துவதும், ஃபில்ட்டரைப் பேக்வாஷ் செய்யும்போது, அதாவது நீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவும்போது வெளியேறுவதும், மழையில் வழிந்தோடுவதும்தான் இழப்பு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் குளத்து நீர் அதில் பத்தில் ஒரு பங்குகூட உப்பில்லாதது. நாவில் வைத்தால் மட்டுமே இலேசாகத் தெரியும்.

உங்கள் குளத்தின் சராசரி ஆழம் நாலரை அடி என்று கொண்டால், அதில் ஏறத்தாழ 25,500 லிட்டர் நீர் பிடிக்கும். அதற்கு வேண்டிய உப்பு 80 கிலோவை ஒட்டி வரும். ஆகவே மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டியிருக்குமோ என்று உங்கள் கணவர் அஞ்ச வேண்டாம். இரண்டு மூட்டைக்குள் அடங்கிவிடும். அவருடைய அச்சத்தில் இருக்கும் உண்மையான பகுதிக்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது அந்த 620. கடினத்தன்மை என்பது நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, மக்னீசியச் சத்தின் அளவு; இதுவும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குதான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு 200, வேறு வழியே இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளும் உச்ச அளவு 600. நீச்சல் குளத்துக்கு 200 முதல் 400 வரை இருப்பது நல்லது. உங்கள் போர் தண்ணீர் இந்த எல்லைகளையெல்லாம் தாண்டி நிற்கிறது. செல்லுக்குள் காரம் உண்டாகும் தகட்டின் பரப்பில் நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மிகவும் உயர்ந்துவிடுவதால், கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து நீரில் தங்க முடியாமல் அந்தத் தகட்டிலேயே கெட்டியாகப் படிகிறது. வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுமே, அதே சரக்குதான் இதுவும்.

இதில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு, எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு வீட்டுக் குளத்துக்கு, தண்ணீரைச் சோதிக்காமலே உப்பு இயந்திரத்தைப் பரிந்துரைத்தவன் நான்தான். எட்டாவது மாதம் குளம் பச்சையாகிவிட்டது என்று அழைத்தார்கள். செல்லைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, தகடுகளுக்கு இடையே அந்தப் பக்கம் தெரிய வேண்டிய இடைவெளிகளில் பாதிக்கு மேல் சிப்பிச் சுண்ணாம்பு போல அடைத்துக்கொண்டிருந்தது. பத்துக்கு ஒரு பங்கு ஆசிட் கலந்த நீரில் அதை நிறுத்தியதும் சோடா பாட்டிலைத் திறந்தது போலச் சீறி நுரைத்தது. நுரை அடங்கக் கால் மணி நேரத்துக்கு மேலாயிற்று. சுத்தமாயிற்று என்று மாட்டிவிட்டு வந்தோம், இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கதை. ஒவ்வொரு ஆசிட் குளியலும் சுண்ணாம்பை மட்டும் எடுப்பதில்லை, தகட்டின் மேல்பூச்சையும் கொஞ்சம் அரிக்கிறது. நல்ல நீரில் ஐந்தாண்டு உழைத்திருக்க வேண்டிய செல் இரண்டாம் ஆண்டிலேயே கைவிட்டது. மின்திசையை அவ்வப்போது மாற்றித் தானே சுத்தம் செய்துகொள்ளும் செல்கள்தான் இப்போது பெரும்பாலும் விற்பனையாகின்றன. அவை படிவைத் தாமதப்படுத்தும் என்பது உண்மை. ஆனாலும் 620-ஐ எதிர்த்து நெடுநாள் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

அந்த 620-உம் அப்படியே நிற்காது. நம் வெயிலில் குளத்து நீர் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கொண்டால், 200 சதுர அடிப் பரப்பிலிருந்து நாள்தோறும் 90 லிட்டருக்குமேல் போகும். போவது வெறும் நீர். சுண்ணாம்பும் உப்பும் குளத்திலேயே தங்கிவிடும். அந்த இடத்தை நிரப்ப மீண்டும் போர் தண்ணீரை விட்டால், மாதத்துக்கு 65 என்ற கணக்கில் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். ஏப்ரலில் நிரப்பிய குளம் ஆகஸ்ட் முடிவதற்குள் 900-ஐ எட்டிப் பார்க்கும். இத்தகைய நீரில் குளோரின் குளத்தின் ஓடுகளிலும் வெள்ளைக்கோடு விழும்தான். ஆனால் ஓட்டில் விழுந்த கோட்டைத் தேய்த்துப் போக்கிவிடலாம். விலை உயர்ந்த செல்லின் ஆயுள் போனால் திரும்பாது.

ஆகவே, இன்றைய நிலையில் உப்பு இயந்திரம் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. முதல் ஓராண்டுக்குச் சாதாரணக் குளோரினில் குளத்தை நடத்துங்கள். அதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அது மழைக்காலத்து வேலை. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவில் இருக்கிறது. அதில் பாதிக்குமேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. மழைநீரில் கடினத்தன்மை என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. உங்கள் மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி இருந்தால், 14 சென்டிமீட்டர் மழையிலேயே பாதிக் குளத்துக்கான நீர் இறங்கிவிடும். மீதிப் பாதிக்குப் போர் தண்ணீரை விட்டால் கடினத்தன்மை 310 ஆகிவிடுகிறது; தேடினாலும் கிடைக்காத பொருத்தம் இது. வெறும் மழைநீரை மட்டுமே நிரப்பினாலும் தவறு, ஏனென்றால் சுண்ணாம்புக்கு ஏங்கும் நீர் ஓடுகளின் இடையிலுள்ள சிமென்ட்டையே கரைத்துத் தின்னத் தொடங்கும். நம் பக்கத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைத் தூசும் மாடியில் படிந்திருக்கும் என்பதால், பருவத்தின் முதல் இரண்டு மூன்று மழையை மாடியைக் கழுவ விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பிடியுங்கள்.

மெட்ரோ லாரித் தண்ணீரால் நிரப்பலாமே என்றும் ஒப்பந்தக்காரர் சொல்லக்கூடும். 12,000 லிட்டர் லாரி இரண்டு நடைக்குச் சற்று அதிகமாக அடித்தால் போதும், கடினத்தன்மையும் குறைவாகவே இருக்கும். ஆனாலும் 2019-இல் புழல் ஏரி வறண்டு தெருத் தெருவாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றதைப் பார்த்தவன் என்ற முறையில், குடிக்கும் நீரைக் குளிக்கும் குளத்தில் கொட்ட எனக்கு மனம் வருவதில்லை. இது என் சொந்த அபிப்பிராயம், உங்கள் மேல் திணிக்கவில்லை.

குளோரினுக்கு எதை வாங்குவது என்பது அடுத்த கேள்வி. பிளீச்சிங் பவுடரும், அதைவிட வலுவான கால்சியம் ஹைப்போகுளோரைட்டும், பெயரிலேயே இருப்பது போலச் சுண்ணாம்புச் சத்தை மேலும் சேர்ப்பவை. உங்கள் நீருக்கு அவை ஆகாது. டி.சி.சி.ஏ. எனப்படும் வட்ட வில்லைகள் கையாள எளிது, மிதக்கும் டப்பாவில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு பங்கு குளோரினுடனும் 0.6 பங்கு சயனூரிக் அமிலத்தை அவை குளத்தில் விட்டுச் செல்கின்றன. இந்த அமிலம் 30 முதல் 50 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை இருந்தால் குளோரினை வெயிலிலிருந்து காக்கும். 100-ஐத் தாண்டினால் குளோரினின் கையையே கட்டிவிடும். வில்லையை மட்டுமே நம்பினால் மூன்று மாதத்தில் 100-ஐத் தாண்டிவிடுவீர்கள், பிறகு நீரை இறைத்துக் கொட்டுவதைத் தவிர வழி இல்லை.

எனவே திரவ ஹைப்போவைத்தான், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைத்தான் உங்களுக்குச் சொல்வேன். பத்து சதவீதச் சரக்கில் அரை லிட்டர் ஊற்றினால் உங்கள் குளத்தில் குளோரின் 2 பி.பி.எம். உயரும், ஒரு நாளைக்கு அது பெரும்பாலும் போதும். தொடக்கத்தில் முக்கால் கிலோ சயனூரிக் அமிலத்தை ஒரே ஒரு முறை கரைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் காலையில் ஊற்றிய குளோரினில் பெரும்பகுதி நண்பகலுக்குள் வெயிலோடு போய்விடும். அதே காரணத்துக்காக ஹைப்போவை எப்போதும் பொழுது சாய்ந்த பிறகு ஊற்றுங்கள். கேனை ஒரு மாதம் வெப்பத்தில் வைத்திருந்தால் சரக்கு கணிசமாக வலுவிழந்துவிடும். ஆகையால் மலிவாகக் கிடைக்கிறதே என்று மொத்தமாக வாங்கி அடுக்காமல், பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்கி நிழலில் வையுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ஹைப்போ ஊற்றும் குளமும் நாளடைவில் உப்பேறும். நாளுக்கு 2 பி.பி.எம். வீதம் ஓராண்டு ஊற்றினால், மழையில் வழியாதிருக்கும் பட்சத்தில், 1,200 பி.பி.எம். வரை உப்பு சேர்ந்திருக்கும். ஒரு வகையில், பின்னால் இயந்திரம் வாங்கினால் போட வேண்டிய உப்பில் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே கரைந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பின்னால் வாங்கக்கூடும் என்பதால்தான், இப்போதே கட்டுமானத்தில் சிலவற்றைச் செய்துவிடச் சொல்கிறேன், சுவரையும் தரையையும் மூடிய பிறகு செய்தால் செலவு பன்மடங்காகும். ஃபில்ட்டரைத் தாண்டிய பிறகு, குளத்துக்குத் திரும்பும் குழாயில் ஒன்றரை அடி நீளத்துக்கு நேரான துண்டு ஒன்றை, இரு முனையிலும் கழற்றி மாட்டும் இணைப்பான யூனியன் போட்டு விட்டுவையுங்கள். பக்கத்தில் ஒரு மின்இணைப்பும் இருக்கட்டும். உங்கள் கணவர் சொன்ன துருவின் உண்மை இங்கேதான் வருகிறது. ஏணி, கைப்பிடி, விளக்கின் வளையம் ஆகியவற்றை 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்காமல் 316-இல் வாங்குங்கள். உப்புக் குளம் வராவிட்டாலும் கடல் காற்றுக்கு அது தேவைதான். குளத்தின் விளிம்பில் கடப்பா கல் பதிக்கச் சொல்லியிருந்தால் உடனே நிறுத்துங்கள். அது சுண்ணாம்புக் கல். சிந்திய உப்புநீர் அதன் நுண்துளைகளில் ஊறி, காய்ந்து, படிகமாகி மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்க்கும், பி.எச்.சைக் குறைக்க ஊற்றும் ஆசிட் சிந்தினாலும் அரிக்கும். கிரானைட் போடுங்கள். குளத்தைச் சுற்றிய இரும்பையெல்லாம் ஒன்றாக இணைத்து எர்த் செய்யவும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுமின் காப்பானைப் பொருத்தவும் எலெக்ட்ரீஷியனிடம் எழுத்தில் கேளுங்கள். எந்தக் குளத்துக்கும் இது வேண்டும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உப்புநீருக்கு இன்னும் கட்டாயம்.

ஓராண்டு முடிந்து, மழைநீர்க் கலப்பால் கடினத்தன்மை 350-க்குள் நிலைத்து நிற்கிறது என்று உங்கள் குறிப்பேடு சொன்னால், தாராளமாக இயந்திரம் வாங்கலாம். நானே தடுக்க மாட்டேன். நாள்தோறும் கேனைத் தூக்கும் வேலை போய்விடும், நீரும் உடலுக்கு மென்மையாக இருக்கும். வாங்குமுன் கடைக்காரரிடம் முழு இயந்திரத்தின் விலையைவிட, செல்லை மட்டும் மாற்ற என்ன விலை என்பதைக் கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீங்கள் கொடுக்கப்போவது அதுதான். செல்லின் மின்செலவு அற்பம், பெரும் செலவு மோட்டாருடையது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் எட்டு மணி நேரம் ஓடினால் ஆறு யூனிட் ஆகும், இரண்டு வகைக் குளத்துக்கும் அது பொது. ஆனால் மோட்டார் நின்றால் உப்புக் குளத்தில் குளோரின் உற்பத்தியும் நின்றுவிடும். புயல் நேரத்தில் இரண்டு மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் போகும் நம் பகுதியில், இயந்திரம் வைத்திருப்பவர்களும் ஒரு கேன் ஹைப்போவை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். உப்புக் குளத்தில் பி.எச். தானாக ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஆசிட்டும் வேண்டும். ரசாயனமே வாங்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

உப்பு வாங்கும்போது கல்லுப்பை வாங்க வேண்டாம், அதில் மண்ணும் மக்னீசியமும் சேர்ந்தே வரும். அயோடினும் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் மருந்தும் இல்லாத, சுத்திகரித்த உப்பைக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லா வீட்டுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் உறிஞ்சு குழி இருக்கும். குளம் வழியும் நீரையோ பேக்வாஷ் நீரையோ எக்காரணம் கொண்டும் அதில் விட்டுவிடாதீர்கள். லிட்டருக்கு மூன்று கிராம் உப்புள்ள நீர் உங்கள் போருக்குள்ளேயே இறங்கி, இன்று 1,400 என்று காட்டும் டி.டி.எஸ்.சை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு போரும் அதே நிலத்தடி நீரைத்தான் குடிக்கிறது. தென்னைக்கோ வேம்புக்கோ பாய்ச்சுவதும் வேண்டாம். கழிவுநீர்க் குழாயில் இணைப்பதே முறை.

கேள்வி: பெரம்பூரில் எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளாகக் குளோரின் குளம் இருக்கிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகளின் நண்பர்களும் சேர்ந்து இறங்குவதால், மாலைக்குள் குளோரின் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது, கண்ணெல்லாம் சிவந்துவிடுகிறது. குளோரினைப் பாதியாகக் குறைத்தும் நாற்றம் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை. உப்புக் குளமாக மாற்றினால் இது தீருமா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: குறைத்ததால்தான் கூடியது. சரியான அளவில் இருக்கும் குளோரினுக்கு அவ்வளவு வாடை கிடையாது. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சரக்கோடு குளோரின் சேர்ந்து குளோராமின் என்ற பொருளாகும்போதுதான் அந்த நாற்றமும் கண்ணெரிச்சலும் வருகின்றன. உங்கள் குளத்தில் குளோரின் போதவில்லை என்பதைத்தான் அந்த நாற்றம் சொல்கிறது. மஞ்சள் நிறம் காட்டும் பழைய சொட்டு மருந்துச் சோதனை, நல்ல குளோரினையும் குளோராமினையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டும். அதைப் பார்த்துத்தான் நிறைய இருக்கிறது என்று நினைத்துக் குறைத்திருப்பீர்கள். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. சோதனையில் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: குளோரின் மிக அதிகமாகிவிட்டால் அந்தச் சிவப்பு தோன்றிய கணத்திலேயே வெளுத்து, குளோரினே இல்லை என்பது போலக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றியவர்களை நான் அறிவேன்.

மொத்தத்துக்கும் நல்ல குளோரினுக்கும் உள்ள வித்தியாசம் 0.4-ஐத் தாண்டினால், அந்த வித்தியாசத்தைப் போலப் பத்து மடங்கு குளோரினை ஒரே இரவில் சேர்த்து மோட்டாரை விடியும்வரை ஓடவிடுங்கள். வித்தியாசம் 0.8 என்றால் 8 பி.பி.எம். சேர்க்க வேண்டும். அளவு மீண்டும் 3-க்கு இறங்கும்வரை யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. பி.எச்.சை 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் பிடித்து வையுங்கள். 7.2-இல் குளோரினில் மூன்றில் இரண்டு பங்கு கிருமியோடு போராடும் நிலையில் இருக்கும். 8-க்குப் போய்விட்டால் கால் பங்குதான் இருக்கும், கண்ணும் தனியாக எரியும்.

உப்புக் குளத்திலும் இதே குளோராமின் இதே காரணத்தால் உண்டாகும். அங்கே குளோரின் சிறிது சிறிதாக விடாமல் உற்பத்தியாவதால் தட்டுப்பாடு வருவது குறைவு, அவ்வளவே. கண்ணுக்கு இதமாக இருப்பதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு: நம் கண்ணீரிலேயே நூற்றுக்கு 0.9 பங்கு உப்பு இருப்பதால், 0.3 பங்கு உப்புள்ள நீர் வெறும் நீரைவிடக் கண்ணுக்கு நெருக்கமானது. இந்த இதத்துக்காக மாற்ற விரும்பினால் மாற்றுங்கள், ஆனால் நாற்றத்துக்கு மருந்தாக மாற்றாதீர்கள். அதற்கு மருந்து, குளத்துக்கு வெளியே ஒரு ஷவர். குறிப்பாகத் தலையில் தேங்காய் எண்ணெயோடும் உடம்பில் மஞ்சளோடும் இறங்குவதை நிறுத்துங்கள்; ஒரு சனிக்கிழமை எண்ணெய்த் தலைகள் நான்கு இறங்கினால் அன்றைய குளோரினில் ஒரு பகுதியை அவை தின்றுவிடும், மணல் ஃபில்ட்டரும் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். பிள்ளைகளைச் சீயக்காய் போட்டு அலசிவிட்டு வரச் சொல்லுங்கள், மறுநாளே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: மீஞ்சூருக்கு அப்பால் எங்கள் தோட்டத்து போரில் வருவதே உப்புத் தண்ணீர்தான். டி.டி.எஸ். 5,000-க்குமேல் காட்டுகிறது. இதையே குளத்தில் விட்டு இயந்திரத்தை மாட்டினால் உப்பு வாங்கும் செலவாவது மிச்சமாகாதா?
— விவசாயி ஒருவர், மீஞ்சூர்

பதில்: கேட்கும்போது கெட்டிக்கார யோசனையாகத்தான் தோன்றுகிறது. ஆனால் மிச்சமாவது இரண்டு மூட்டை உப்பு, போவது இயந்திரம். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுமீறி இறைத்ததால் கடல் உள்ளே புகுந்ததை 1970-களிலிருந்தே ஆய்வாளர்கள் பதிவுசெய்து வருகிறார்கள். ஆக, உங்கள் போரில் வருவது சோடியம் குளோரைடு மட்டும் அல்ல, கடலின் எல்லாச் சரக்கும் கலந்துதான் வருகிறது. கடல்நீரின் கடினத்தன்மை 6,000-க்கும் மேல். நல்ல நீரில் பத்துக்கு ஒரு பங்கு கடல் கலந்தாலே உப்பின் அளவு இயந்திரத்துக்குச் சரியாக வந்துவிடும், கூடவே 600-க்குமேல் கடினத்தன்மையும் வந்துவிடும். மேலே திருவொற்றியூர் அம்மாவுக்குச் சொன்ன செல்லின் கதை உங்களுக்கு இன்னும் விரைவாக நடக்கும்.

அதோடு, கடல்நீரில் லிட்டருக்கு 65 மில்லிகிராம் அளவில் புரோமைடு உண்டு. குளோரின் அதைத் தொட்டவுடன் புரோமினாக மாற்றிவிடுகிறது. புரோமினும் கிருமியைக் கொல்லும்தான். ஆனால் வெயிலில் அதைக் காப்பாற்றச் சயனூரிக் அமிலத்தால் முடியாது. திறந்தவெளிக் குளத்தில் செல் நாள் முழுதும் உற்பத்தி செய்துகொண்டே இருக்க, வெயில் நாள் முழுதும் அழித்துக்கொண்டே இருக்கும். கிணற்றிலோ பண்ணைக் குட்டையிலோ மழைநீர் தேக்கி வைத்திருந்தால் அதை வடிகட்டி நிரப்புங்கள், உப்பைக் கடையில் வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு ரத்த அழுத்தம் உண்டு, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உப்புக் குளத்தில் நீந்தலாமா?
— வாசகர், கொளத்தூர்

பதில்: குளத்து உப்பு தோல் வழியாக ரத்தத்தில் ஏறிவிடாது. நீந்தும்போது ஒரு வாய் நீரை விழுங்கிவிட்டாலும் அதில் இருப்பது ஏறத்தாழ கால் கிராமுக்கும் குறைவான உப்பு. ஒரு துண்டு மாங்காய் ஊறுகாயில் அதைவிட அதிகம். நீந்தும் உழைப்பு உங்கள் இதயத்துக்கு ஏற்றதா என்பதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வில்லை தீர்ந்துவிட்டதால், வில்லை போடும் அதே டப்பாவில் எங்கள் காவலாளி பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார். சற்று நேரத்தில் டப்பா சூடாகிப் புகை வந்தது. இரண்டுமே குளோரின்தானே, ஏன் இப்படி?
— வாசகி, ராயபுரம்

பதில்: இரண்டும் குளோரின் தருபவைதான், ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. டி.சி.சி.ஏ. வில்லை அமிலத்தன்மை உடையது. பிளீச்சிங் பவுடர் காரம். டப்பாவில் மிச்சமிருந்த ஈரமான வில்லைத்தூள் பவுடரோடு சேர்ந்ததும் வெப்பமும் நச்சுக்காற்றும் உண்டாகியிருக்கின்றன. மூடியை இறுக்கி மூடியிருந்தால் வெடித்திருக்கும். உங்கள் காவலாளி தப்பித்தது அதிர்ஷ்டம்.

அந்த டப்பாவை இனி எதற்கும் பயன்படுத்த வேண்டாம். வில்லைக்கு ஒரு டப்பாவும் ஒரு கரண்டியும், பவுடருக்கு வேறு டப்பாவும் வேறு கரண்டியும் வைத்து, தமிழில் பெரிதாக எழுதி ஒட்டி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்காமல் எட்ட எட்ட வையுங்கள். ஆசிட் கேன் இவை இரண்டோடும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. ஹைப்போவும் ஆசிட்டும் கலந்தால் உண்டாவது நேரடியாகக் குளோரின் வாயு. ஆசிட்டைக் கலக்கும்போது வாளி நீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் நீரை ஊற்றக் கூடாது. இதையெல்லாம் காவலாளியிடம் வாயால் சொன்னதோடு விட்டுவிடாமல், அவர் கையாலேயே ஒருமுறை செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். மறுபடியும் எப்போதாவது புகை வந்தால், ஒரு குவளை நீரைத் தெளித்து அணைக்கப் பார்க்க வேண்டாம், அது இன்னும் மோசமாகும். எல்லோரையும் காற்று வரும் திசைப் பக்கமாக வெளியேற்றிவிட்டு, 101-ஐ அழைத்து, என்னென்ன சரக்கு கலந்தது என்பதைச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை அந்த அறைக்குள் யாரையும் விடாதீர்கள்.